கறுவாத் தைலமும் இலவங்கம் என்னும் பெயரும்

மருத்துவச் சுவடிகளைப் பதிப்பிப்போர்க்கு ‘இலவங்கம்’ என்னும் சொல் மயக்கம் தருவதொன்று. வடமொழியில் லவங்கம் என்பது கிராம்பு. தமிழிலும் அப்பொருள் உண்டு. ஆயின் ‘இலவங்கப்பட்டை’ என்புழி அச்சொல் கறுவாவைச் சுட்டுகின்றது. கிராம்பு நாவலின் குடும்பத்தைச் சார்ந்த மரத்தின் மலராத மொட்டு. கறுவா சீனக் கருப்பூர மரத்தின் குடும்பத்தைச் சார்ந்த மரத்தின் உட்பட்டை.

பயன் நோக்கிப் பொருள் துணியலாம் என்பார் உளர். பல்வலி போக்கும் தைலம் எனின் கிராம்புத் தைலமே என்பது அவர் கருத்து. வலியை மரக்கச் செய்யும் யூஜினால் என்னும் பொருள் அதன்கண் மிகுதி. இக்கருத்து முற்றும் பொருந்துவதன்று. கறுவா மரம் ஒன்றேயாயினும் உறுப்புத்தோறும் அதன் தைலம் வேறுபடும். பட்டைத் தைலத்தில் சின்னமால்டிகைடும், வேர்ப்பட்டைத் தைலத்தில் கருப்பூரமும் தலைமை பெறும். இலைத் தைலத்தில் மிக்கிருப்பதோ கிராம்பிற்குரிய அந்த யூஜினாலே. நீரில் இட்டுப் பார்ப்பினும் வேற்றுமை புலனாகாது, கிராம்புத் தைலமும் கறுவாவின் பட்டை, இலைத் தைலங்களும் நீரினும் கனத்தவை, அடியில் தங்குவன.

வணிக வரலாறு பட்டையையே முதன்மையாகப் போற்றியது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகேசியரும், பின்னர் ஒல்லாந்தரும், 1796 முதல் ஆங்கிலேயரும் ஈழத்துக் கரையோரத்தைக் கைக்கொண்டதற்குக் கறுவாப் பட்டை ஒரு பெருங்காரணம். ஒல்லாந்த ஆளுநர் பால்க் காலத்தில் (1765–1785) காட்டு மரமாக இருந்த கறுவா கொழும்பு மருதானையில் தோட்டப் பயிராயிற்று. ஏற்றுமதிக்கு உதவாத பட்டைத் துணுக்குகளிலிருந்து ஒல்லாந்தர் தைலம் வடித்தனர். அத்தைலத்தினின்று சின்னமால்டிகைடைத் தூமா, பெலிகோ என்னும் பிரெஞ்சு வேதியலார் 1834இல் பிரித்தறிந்தனர்.

‘தைலம்’ என்னும் சொல்லும் ஆராய்தற்குரியது. திலம், அஃதாவது எள், என்பதினின்று பிறந்த அச்சொல் முதற்கண் நல்லெண்ணெயையே குறித்தது. மருந்துச் சரக்கிட்டு நல்லெண்ணெயில் காய்ச்சியதும் தைலம். வாலையில் நீராவியொடு வடித்ததும் தைலம். முன்னதில் சரக்கின் சாரம் எண்ணெயிற் கலந்து மென்மையுறும். பின்னது சாரமே ஆதலின் மிகக் கடுமையுடையது.

ஆதலின், ‘இலவங்கத் தைலம்’ எனச் சுவடி கூறுமிடத்து மொட்டோ, பட்டையோ, இலையோ எனவும், காய்ச்சியதோ வடித்ததோ எனவும் ஆராய்ந்தே குறிப்பெழுதல் வேண்டும். சான்று இல்வழி இருபொருளையும் காட்டி நிறுத்துதலே நேர்மை. வடித்த பட்டைத் தைலம் தோலையும் வாயின் மென்தசையையும் புண்படுத்த வல்லது. சுவடியை நம்பி மருந்து செய்வார் இன்றும் உளராதலின், இங்கு நேரும் பிழை ஏட்டளவில் நில்லாது.