ஆர்க்காட்டுக் கடனும் 1797-ஆம் ஆண்டுச் சட்டமும்

திறவுச்சொற்கள்: ஆர்க்காட்டு நவாப், மேயர் நீதிமன்றம், ரெக்கார்டர் நீதிமன்றம், பால் பென்ஃபீல்டு, எட்மண்ட் பர்க், கர்நாடகக் கடன் ஆணையம்

முன்னுரை

மதராஸ் நீதிமன்றங்களின் வரலாறு பொதுவாக அரச சாசனங்களின் வரிசையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆர்க்காட்டு நவாபின் கடனோ அரசியல் வரலாற்றின் ஒரு பகுதியாகத் தனியே பேசப்படுகிறது. இரண்டையும் ஒருங்கே நோக்கத் தூண்டும் ஆவணம் ஒன்று உண்டு. பிரித்தானிய நாடாளுமன்றம் 1797-இல் இயற்றிய சட்டம் மதராஸிலும் பம்பாயிலும் ரெக்கார்டர் நீதிமன்றங்களை நிறுவ வழிசெய்தது. அதே சட்டத்தின் 28-ஆம் பிரிவு, கும்பினியின் ஒப்புதலின்றி இந்திய மன்னர்களுக்குக் கடன் கொடுப்பதைப் பிரித்தானியக் குடிமக்களுக்குத் தடைசெய்தது. நீதிபதி யார் என்னும் வினாவும் கடன்காரர் யார் என்னும் வினாவும் ஒரே சட்டத்தில் இடம்பெற்றதன் பின்புலத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

கடன் இயங்கிய முறை

முகமது அலி வாலாஜா (ஆட்சிக்காலம் 1749–1795) கும்பினிப் படையின் துணையால் ஆட்சியில் நிலைத்தவர். அப்படைச் செலவைச் செலுத்தக் கும்பினி அவரை நெருக்கியது. பணம் இல்லாத நவாப் கும்பினியின் ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் கடன் வாங்கினார். ஈடாக அவர் தந்தவை மாவட்டங்களின் நிலவரி வருவாயை எழுதிக்கொடுத்த முறிகள். முறி பெற்றவரின் ஆட்கள் அமுல்தாரையும் குத்தகைதாரரையும் நெருக்க, அவர்கள் உழவரை நெருக்கினர். பயிர் விளையும் முன்னரே விளைச்சல் கடன்காரருக்கு உரியதாகிவிட்டது. கும்பினிக்குச் சேரவேண்டிய தவணை மறுபடியும் நிலுவையில் நிற்க, நவாப் மறுபடியும் அதே ஊழியர்களிடம் கடன் வாங்கினார். இச்சுழற்சியில் நட்டமடைந்தவர்கள் கும்பினியின் பங்குதாரர்களும் கர்நாடகத்து உழவர்களும் ஆவர். ஊழியர் எவரும் நட்டமடைந்ததாகத் தெரியவில்லை.

இவ்வாறு சேர்ந்த கடன்கள் 1767-இல் ஒருமுறை தொகுக்கப்பட்டன. 1777-இல் குதிரைப்படைக் கடன் என்றும் தொகுப்புக் கடன் என்றும் மேலும் இரண்டு சேர்ந்தன. சேப்பாக்கம் அரண்மனை முதல் தொகுப்புக்கு அடுத்த ஆண்டு எழுந்தது. அதனைக் கட்டியவர் பால் பென்ஃபீல்டு என்னும் கருத்து பரவலாக உள்ளது.

பென்ஃபீல்டின் உரிமைக்கோரிக்கை

பென்ஃபீல்டு கும்பினியில் சிறு ஊதியம் பெற்ற ஊழியர். ஒப்பந்தப் பணிகளாலும் வட்டியாலும் வளர்ந்தவர். 1773-இல் நவாப் கைப்பற்றிய தஞ்சையை, இலண்டன் இயக்குநர்களின் ஆணைப்படி 1776-இல் ஆளுநர் பிகட் பிரபு துளஜா மன்னருக்குத் திருப்பியளித்தார். உடனே பென்ஃபீல்டு, தஞ்சை வருவாயின் மீது நவாப் தமக்கு எழுதிக்கொடுத்ததாக 2,30,000 பவுனுக்கு மேற்பட்ட தொகைக்கு உரிமை கோரினார். கோரிக்கையை முதலில் ஏற்க மறுத்த ஆளுநர் மன்றம் சில நாள்களில் நிலை மாறியது. மன்ற உறுப்பினர் பலர் தாமும் நவாபுக்குக் கடன் கொடுத்தவர்கள் என்பதை நினைவிற்கொண்டால் இம்மாற்றம் வியப்பளிக்காது. எதிர்த்து நின்ற ஆளுநர் 1776 ஆகஸ்டு 24-இல் தம் மன்றத்தின் பெரும்பான்மையினராலேயே சிறைவைக்கப்பட்டார். 1777 மே மாதத்தில் காவலிலேயே இறந்தார். இலண்டனில் நடந்த வழக்கில் மன்றத்தார் நால்வருக்கு 1780-இல் விதிக்கப்பட்ட தண்டம் ஆளுக்கு 1,000 பவுன் மட்டுமே.

மதராஸில் ஈட்டிய பணம் அங்கேயே தங்கிவிடவில்லை. பென்ஃபீல்டு 1780-இல் கிரிக்லேடு தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். வாக்கு விற்பனைக்குப் பெயர்போன அத்தொகுதியின் வாக்குரிமையைச் சுற்றுவட்டாரத்துக்கும் விரித்து 1782-இல் தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. எட்டு உறுப்பினர்களைப் பென்ஃபீல்டு நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார் என்பது பர்க்கின் குற்றச்சாட்டு. எண்ணிக்கை மிகையாக இருக்கலாம்; திசை மிகையன்று. கட்டுப்பாட்டு வாரியத்தில் ஹென்றி டண்டாஸ், தொகுக்கப்பட்ட கடன்கள் அனைத்தையும் விசாரணையின்றிக் கர்நாடக வருவாயிலிருந்து செலுத்த ஆணையிட்டார். 1785 பிப்ரவரி 28-இல் பர்க் ஆற்றிய நீண்ட உரை அதற்கு எதிரானது. அன்றைய தீர்மானம் தோற்றது. ஆயினும் பர்க்கை நடுநிலையாளராக மட்டும் காண்பது பொருந்தாது. அவருடைய நெருங்கிய உறவினராகக் கருதப்பட்ட வில்லியம் பர்க், நவாபின் எதிர்த்தரப்பான தஞ்சை மன்னரின் முகவராகப் பணியாற்றியவர்.

நீதிபதியாக அமர்ந்த வணிகர்

இத்தகைய கடன்கள் வழக்காகும்போது அவற்றை விசாரித்த மன்றம் எது என்பதே இங்கு முதன்மையான வினா. 1726-ஆம் ஆண்டுச் சாசனம் நிறுவிய மேயர் நீதிமன்றத்தில் மேயரும் ஒன்பது ஆல்டர்மேன்களும் அமர்ந்தனர். சட்டம் பயின்றவர்களாக அவர்கள் இருக்கவேண்டியதில்லை. பெரும்பாலோர் கும்பினி ஊழியரும் வணிகருமே. மேல்முறையீடு ஆளுநரிடமும் மன்றத்திடமும் சென்றது. அதாவது, பென்ஃபீல்டின் கோரிக்கையில் நிலை மாறிய அதே மன்றத்திடம். வழக்கில் தனக்கு நலன் உள்ளவர் நீதிபதியாக அமரலாகாது என்னும் விதியை 1753-ஆம் ஆண்டுச் சாசனமே வகுத்திருந்தது. விதி இல்லாமையன்று, விதி செயற்பட முடியாமையே குறை. முறிகள் பிறர் பெயரிலும் துபாஷிகள் வழியாகவும் கைமாறிய ஊரில் யாருடைய நலன் எங்கே உள்ளது என்பதை மெய்ப்பிப்பது அரிது. அனைவரும் ஒரே கடனில் பங்குடையோராக இருக்கையில் விலகி நிற்க எவரும் எஞ்சமாட்டார்.

வங்காளத்தில் 1773-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம் வேறு வழியைக் காட்டியிருந்தது. கல்கத்தா உச்ச நீதிமன்றத்துக்குத் தலைமை நீதிபதியை 8,000 பவுன் ஊதியத்தில் அமர்த்தி, நீதிபதிகள் பரிசும் கையுறையும் பெறுவதை அது தடைசெய்தது. மதராஸுக்கு அம்முறை வரக் கால் நூற்றாண்டு பிடித்தது.

1795-இல் ஆளுநர் ஹோபார்ட் பிரபு, வருவாய் முறிகளால் கர்நாடகக் குடிகள் படும் துன்பத்தை விரிவாகப் பதிவுசெய்தார். புதிய நவாப் உம்தத்-உல்-உமரா மாற்றங்களுக்கு இணங்கவில்லை. ஈராண்டுகளில் 1797-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அதன்படி அரசரால் நியமிக்கப்பட்ட வழக்கறிஞரான ரெக்கார்டர் மதராஸ் நீதிமன்றத்துக்குத் தலைமை ஏற்றார். மேயரும் மூன்று ஆல்டர்மேன்களும் உடன் அமர்ந்தனர். முதல் ரெக்கார்டர் தாமஸ் ஸ்ட்ரேஞ்ச் நோவா ஸ்கோஷியாவில் தலைமை நீதிபதியாக இருந்தவர். மதராஸ் வட்டித்தொழிலோடு முன்தொடர்பு அற்றவர். இரு பிரிவுகளையும் ஒரே நோக்கத்தில் வரைந்தனர் என உறுதியாகக் கூற இயலாது. எனினும் ஒன்றின்றி மற்றொன்று பயன்தராது என்பதை முந்தைய முப்பது ஆண்டுகள் காட்டியிருந்தன. வணிகரை நீதியிருக்கையினின்று முற்றாக அகற்றியது 1801-இல் தொடங்கிய உச்ச நீதிமன்றமே.

தடையின் எல்லை

28-ஆம் பிரிவு முழுத்தடை அன்று. ஒப்புதல் பெற்றால் கடன் கொடுக்கலாம். அவ்விலக்கை 1816-இல் ஹைதராபாதில் வில்லியம் பாமர் நிறுவனம் பெற்றது. நிஜாமின் அரசும் நவாபின் வழியே சென்றது. அந்நிறுவனத்தின் பங்காளியான வில்லியம் ரம்போல்டு, தலைமை ஆளுநர் ஹேஸ்டிங்ஸ் பிரபுவின் வளர்ப்பில் இருந்த பெண்ணை மணந்தவர். 1778 முதல் 1780 வரை மதராஸ் ஆளுநராக இருந்த தாமஸ் ரம்போல்டின் பேரர்.

விசாரணை என்ன செய்யவல்லது என்பதைக் கர்நாடகக் கடன் ஆணையமே காட்டியது. 1801-இல் கும்பினி கர்நாடகத்தை இணைத்துக்கொண்ட பின்னர், எஞ்சிய கடன் கோரிக்கைகளை ஆராய 1805-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி மதராஸிலும் இலண்டனிலும் ஆணையர்கள் அமர்ந்தனர். அவர்கள்முன் வந்த கோரிக்கைகளின் தொகை 3 கோடி பவுனுக்கு மேல். ஏறத்தாழ கால் நூற்றாண்டு நீடித்த விசாரணைக்குப் பின் செல்லுபடியாகும் என ஏற்கப்பட்டது 27 லட்சம் பவுனுக்கும் குறைவு. எஞ்சியவை பொய்முறிகளாகவோ பெருக்கப்பட்ட கணக்குகளாகவோ மெய்ப்பிக்க இயலாதவையாகவோ தள்ளப்பட்டன. டண்டாஸ் 1785-இல் விசாரணையின்றி ஏற்ற கடன்கள் இக்கணக்கில் அடங்கா. அவை எவராலும் ஆராயப்படவில்லை. ஏற்கப்பட்ட கடனைத் தீர்க்க ஆண்டுக்கு 3,40,000 வராகன் ஒதுக்கப்பட்டது. அத்தொகையும் கர்நாடகத்தின் வருவாயிலிருந்தே எடுக்கப்பட்டது.