அரை ஆயுள் 20 நிமிடம்

நியூயார்க்குக்குக் கிழக்கே லாங் ஐலண்டில், முன்பு ராணுவ முகாம் இருந்த இடத்தில், 1947-ல் எழுந்தது புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடம். அங்கே சைக்ளோட்ரானுக்குள் சுற்றிச் சுற்றி வேகம் பிடித்த புரோட்டான்கள், ஓர் உலோகக் கலனில் அடைபட்ட நைட்ரஜன் வாயுமீது பாய்ந்தன. நாம் மூச்சில் இழுக்கும் அதே நைட்ரஜன்தான். அதன் கருவுக்குள் புரோட்டான் நுழைய, ஆல்பா துகள் ஒன்று வெளியே தெறிக்க, மிஞ்சுவது கார்பன்-11.

பிறக்கும்போதே அதற்கு நாள் குறித்தாயிற்று. சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இருப்பதில் பாதி அழியும். ஆகவே எல்லாமே ஓட்டம்தான். ஈயச் சுவர்களுக்குள் அதை மெத்தில் அயோடைடாக்கி, ராக்ளோபிரைடு என்ற மூலக்கூறில் பொருத்தினார்கள். டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் ஏற்பிகளில் போய் உட்காரக்கூடிய மருந்து அது. உயிருள்ள மனித மூளையில் அதைப் படம்பிடிக்க 1980-களில் வழி கண்டவர்கள் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள். சுத்திகரித்து, வடிகட்டி, ஊசியில் ஏற்றுவதற்குள் 40 நிமிடம் போய்விட்டால், பிறந்தவற்றில் கால்வாசிதான் மீதி.

கையின் ரத்தநாளத்தில் ஏறிய அணு ரத்தத்தோடு மூளைக்குப் போய், ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டத்தை அடைகிறது. டோபமைன் ஏற்பிகள் நெருக்கமாக இருக்கும் பகுதி அது. அங்கே நடப்பது பேருந்தில் இடம் பிடிக்கும் கதை. டோபமைன் குறைவாக இருந்தால் இருக்கைகள் காலி. ராக்ளோபிரைடு தாராளமாக உட்காரும். கோக்கைனோ, அதைப் போலவே செயல்படும் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்தோ உள்ளே வந்துவிட்டால் நிலைமை வேறு. சுரந்த டோபமைனைத் திரும்ப உள்ளே இழுக்கும் கடத்திகளை இவை அடைத்துவிடுகின்றன. வெளியே தேங்கும் டோபமைன் முன்கூட்டியே துண்டு போட்டுவிடும். எத்தனை அணுக்களுக்கு இடம் கிடைக்கவில்லை என்பதே டோபமைன் எவ்வளவு பெருகியது என்பதற்கு அளவுகோல்.

அணு தன் முடிவில்தான் பேசுகிறது. அது உமிழும் பாசிட்ரான் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நகர்வதற்குள் ஓர் எலக்ட்ரானைச் சந்திக்கிறது. இரண்டும் மறைய, இரு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பாய்கின்றன. தலையைச் சுற்றியுள்ள உணரி வளையம் இரண்டையும் ஒரே கணத்தில் பிடிக்கிறது. இப்படிக் கோடி கோடி மரணங்கள் சேர்ந்தால் ஒரு பெட் ஸ்கேன் படம்.

1997-ல் புரூக்ஹேவனின் நோரா வோல்கோவ், ஜோன்னா ஃபௌலர் குழுவினர் 'நேச்சர்' இதழில் வெளியிட்டது அத்தகைய படங்கள் சொன்ன செய்தியை. கோக்கைனுக்கு அடிமையாகி, அதை நிறுத்தியிருந்த 20 பேருக்கும், பழக்கமே இல்லாத 23 பேருக்கும் ரத்தநாளம் வழியே மெத்தில்ஃபெனிடேட் கொடுத்தார்கள். அடிமையானவர்களின் ஸ்ட்ரையேட்டத்தில் டோபமைன் பெருக்கம் மற்றவர்களைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. கிளர்ச்சியும் மங்கலாகவே தெரிந்தது. ஆனால் மூளையின் தாலமஸ் பகுதியில் எதிர்வினை கூடியிருந்தது. அது கோக்கைனுக்கான தவிப்போடு சேர்ந்தே எழுந்தது. இன்பம் வற்றிய பிறகும் தாகம் வற்றவில்லை.

இதே அணுவைக் கோக்கைனிலும் மெத்தில்ஃபெனிடேட்டிலும் பொருத்தி அதே குழு இன்னொன்றும் கண்டது. ரத்தநாளம் வழியே ஏற்றினால் இரண்டும் சில நிமிடங்களிலேயே ஸ்ட்ரையேட்டத்தை நிறைக்கின்றன. கோக்கைன் சீக்கிரம் வெளியேறுகிறது. மெத்தில்ஃபெனிடேட் நெடுநேரம் தங்குகிறது, ஆனால் கிளர்ச்சி அதற்கு முன்பே அடங்கிவிடுகிறது. போதை தருவது மருந்து இருப்பதல்ல, அது பாய்ந்து வரும் வேகம். கவனக்குறைவுக் கோளாறுள்ள குழந்தைக்கு மாத்திரையாகத் தரும்போது அதே மருந்து மெல்ல ஏறுவதால்தான் சிகிச்சையாகிறது.

"மனசு வைத்தால் விட்டுவிடலாமே" என்று அடிமைப்பட்டவரிடம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த மனசு வேலை செய்யும் இடமே மாறிப்போயிருப்பதை இந்தப் படங்களில் பார்த்த பிறகு, எனக்கு அந்த வாக்கியம் வாயில் வருவதில்லை. அவருக்குத் தேவை சிகிச்சையும் காலமும், கூட நிற்க ஒருவரும்.

ஸ்கேன் முடிந்து அவர் எழுந்து போகிறார். உடலில் மிஞ்சிய கார்பன்-11 அணுக்கள் ஒவ்வொன்றாகப் போரானாகின்றன. பழத்திலும் பருப்பிலும் இருக்கும் அதே சாதாரணப் போரான். சில மணி நேரத்தில் அந்த அணுக்கள் வந்துபோன சுவடே இல்லை. அவை சொல்லிப்போன சாட்சி மட்டும் நம்மிடம் இருக்கிறது.