பதிவேட்டில் இல்லாத பிள்ளைகள்

போர் முடிந்த நாட்டில் முதலில் எண்ணப்படுவோர் படைவீரர்கள். அடுத்து இடிந்த பாலங்களும் எரிந்த ஆலைகளும் எண்ணப்படும். ஆதரவிழந்த பிள்ளைகளை எண்ணுவார் அரியர். 1942 முதல் 1945 வரை மலாயாவில் நிலவிய ஜப்பானியர் ஆட்சியில், பெற்றோரைப் பிரிந்து தமக்குத் தாமே துணையாக வாழ நேர்ந்த தோட்டப்புறத் தமிழ்ப் பிள்ளைகளின் வரலாறு அத்தகையது. சயாம் மரண ரயில் பாதையைப் பற்றி நம்மவர் நாவல்களும் கட்டுரைகளும் எழுதியுள்ளனர். அப்பாதைக்குச் சென்றோர் விட்டுச் சென்ற பிள்ளைகளைப் பற்றிய எழுத்து மிகக் குறைவு. அவர்களைக் குறித்துச் சிறிது சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யோங் பெங், ஜொகூர் மாநிலத்தின் பத்து பகாட் மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். மேற்குக் கரையிலிருந்து வரும் சாலை, தெற்கே சிங்கப்பூர் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையோடு கூடும் சந்தி அது. அதைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் குடியமர்ந்தனர். அத்தோட்ட வாழ்வின் அமைப்பை அறிந்தால்தான் பின்னர் நேர்ந்த துன்பத்தின் ஆழம் விளங்கும்.

தோட்டத் தொழிலாளிக்கு வேலையும், குடியிருக்கும் லயமும், அரிசியும், மருந்தும் தோட்ட நிருவாகத்தின் கையிலேயே இருந்தன. விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தாய், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றாள். சற்று வளர்ந்த பிள்ளை தோட்டப் பள்ளிக்குச் சென்றது. கூட்டு மலாய் நாடுகளின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டுமென விதித்தது. ஆயினும் இவ்வேற்பாடுகள் அனைத்தும் பிள்ளையைத் தொழிலாளியின் பிள்ளையாகவே கண்டன. தொழிலாளி இல்லாமற்போனால் அப்பிள்ளை யாருடைய பொறுப்பு என்ற வினாவிற்கு அவற்றில் விடை இல்லை. பெரும்பாலோர்க்குப் பாட்டனும் பாட்டியும் கடலுக்கு அப்பால் தமிழகத்தில் இருந்தனர். 1938-இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. 1941 டிசம்பரில் போர் மூண்டதும் கடல்வழியும் அடைபட்டது.

1942 ஜனவரியில் போர் யோங் பெங்கின் வாசலுக்கே வந்தது. மூவார் ஆற்றைக் கடந்த ஜப்பானியப் படை பக்ரி, பாரிட் சூலோங் வழியாக முன்னேறியது. யோங் பெங்கிற்கு மேற்கேயுள்ள புக்கிட் பெலாண்டோக் குன்றுப் பகுதியில் கடும்போர் நடந்தது. ஜனவரி இறுதிக்குள் பிரிட்டிஷ் படைகள் யோங் பெங்கைக் கைவிட்டுத் தெற்கே பின்வாங்கின. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விட்டு அகன்றனர். மேற்கு நாடுகளுக்கு ரப்பர் ஏற்றுமதி நின்றது. பால்மரம் வெட்டும் வேலை குன்றியது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசி சுருங்கியது. மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. நிருவாகம் என்ற ஒரே தூண் சாய்ந்தபோது, அதன்மேல் எழுப்பிய கூரை முழுதும் சாய்ந்தது.

இந்நிலையில்தான் சயாம் பாதைக்கு ஆள் சேர்க்கும் படலம் தொடங்கியது. தாய்லாந்தின் பான் போங் பகுதியிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை, 1942-இன் நடுப்பகுதியில் தொடங்கி 1943 அக்டோபர் 17-இல் இணைக்கப்பட்டது. மலாயாவிலிருந்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்ற வாக்குறுதிகள் முதலில் வந்தன. அவற்றை நம்பிச் செல்வோர் குறைந்தபோது லாரிகள் வந்தன. கண்ணிற்பட்டோர் பிடித்து ஏற்றப்பட்டனர். யோங் பெங்கிற்கு ரயில் நிலையம் இல்லை. அண்மையிலிருந்த நிலையங்களுள் ஒன்று குளுவாங். அத்தகைய நிலையங்களிலிருந்து அடைப்புச் சரக்கு வண்டிகளில் பல நாள் பயணம் செய்தே தொழிலாளர் சயாம் சேர்ந்தனர். 1943-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் பரவிய வாந்திபேதி முகாம் முகாமாக அவர்களை வாரிச் சென்றது. சில குடும்பங்கள் பிள்ளைகளோடு சென்றமையால், காட்டு முகாம்களிலும் அனாதைகள் உருவாயினர்.

தோட்டத்தில் தங்கிவிட்ட பிள்ளைகளின் நிலை யாது? தந்தை சயாமிற்குச் சென்றான். தாய் கூலியின்றி நின்றாள். மலேரியாவோ பசியோ அவளையும் கொண்டுபோன வீடுகளில் மூத்த பிள்ளையே குடும்பத் தலைவனானது. கிழங்கு தோண்டுவதும், கீரை பறிப்பதும், ஓடையில் மீன் பிடிப்பதும் அதன் தொழில். துணிப் பஞ்சத்தில் சாக்கே உடையாயிற்று. காலில் புண் வைத்தால் கட்டுப்போட மருந்தில்லை. பத்து வயதுப் பெண் தம்பி தங்கையரை இடுப்பில் சுமந்து திரிந்தாள். விளையாடும் பருவம் அவளுக்கு வாய்க்கவே இல்லை.

அவர்களுள் உயிர் பிழைத்தோர் எவ்வாறு பிழைத்தனர் என்பதும் எண்ணத்தக்கது. அரசு கைவிட்ட இடத்தில் லயம் கைகொடுத்தது. அடுத்த வீட்டுக்காரி தன் பிள்ளைகளுக்கு அவித்த கிழங்கில் ஒரு துண்டை இப்பிள்ளைகளுக்கும் நீட்டினாள். ஒரே ஊரிலிருந்து வந்தவர், ஒரே கப்பலில் வந்தவர் என்ற உறவே மாமன் முறையாகவும் சிற்றன்னை முறையாகவும் மாறியது. ஆயினும் இதனைப் புகழ்ந்து அமைதி கொள்வது பொருந்தாது. பசித்தவன் பசித்தவனுக்கு எத்தனை நாள் ஊட்ட முடியும்? வளர்த்தோர் சிலர் அன்பால் வளர்த்தனர். வேலைக்கு ஓர் ஆள் கிடைத்தது என்று வளர்த்தோரும் இருந்திருப்பர். எது நடந்தாலும் கேட்பதற்கு ஒருவரும் இலர். இரக்கம் பெரிது, ஆயினும் முறையான பாதுகாப்பு இல்லாவிடத்தில் பிள்ளையின் வாழ்வு பிறர் மனநிலையைப் பொறுத்ததாகிவிடுகிறது.

இங்கு ஒரு வேறுபாட்டைச் சுட்டுதல் வேண்டும். அப்பாதையில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60 ஆயிரத்துக்கு மேற்பட்டோர். இறந்தோர் 12 ஆயிரத்துக்கு மேற்பட்டோர். அவர்தம் படைகளிடம் பெயர்ப் பட்டியல் இருந்தது. காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ ஏழாயிரம் பேர் ஒழுங்காக அடக்கம் செய்யப்பட்டு நினைவுகூரப்படுகின்றனர். ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் தொகையோ இன்றும் மதிப்பீடாகவே நிற்கிறது. ஏறத்தாழ 90 ஆயிரம் இருக்கலாம் என்பர் ஆய்வாளர். பெயர் எழுதப்படாத தொழிலாளியின் மரணம் வீட்டிற்கு அறிவிக்கப்படவில்லை. ஆதலால் தந்தை இறந்தாரா, இருக்கின்றாரா என்பதே அறியாமல் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். இறப்புக்குச் சான்று இல்லாத வீட்டுப் பிள்ளையை அனாதை என்று கூறவும் வழியில்லை. அவ்வாறு கூறாமல் உதவி கேட்கவும் வழியில்லை. எண்ணப்படாமை அப்பிள்ளைகளுக்கு இரண்டாவது இழப்பாயிற்று.

போருக்குப்பின் நிலைமை மெல்ல மாறியது. 1946-இல் சமூகநலத் துறை நிறுவப்பட்டது. 1947-இல் சிறார், இளையோர் பற்றிய சட்டம் இயற்றப்பட்டது. பினாங்கில் 1938 முதல் இயங்கிவந்த இராமகிருஷ்ண ஆசிரமம் ஆதரவற்ற பிள்ளைகளைப் பேணியது. சுவாமி சத்தியானந்தா தோற்றுவித்த சுத்த சமாஜம் பூச்சோங்கில் பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்தது. இவை போற்றற்குரிய பணிகள். எனினும் இத்தகைய இல்லங்கள் நகரங்களையும் அவற்றின் அண்மையையும் சார்ந்திருந்தன. செம்மண் சாலைக்கு அப்பால் இருந்த லயத்துப் பிள்ளையை அங்குக் கொண்டுசேர்க்க, அப்பிள்ளை அங்கிருப்பதை அறிந்த ஒருவர் வேண்டும். பல தோட்டங்களில் அந்த ஒருவராக இருக்கக்கூடியவர் தமிழாசிரியரே. தோட்டத்துச் செக்ரோல் கூலி பெறும் கைகளை எண்ணியது. பள்ளியின் வருகைப் பதிவேடே பிள்ளையைப் பெயர் சொல்லி எழுதியது.

இன்று நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் உண்டு, பாதுகாவலர் உண்டு, நீதிமன்றம் உண்டு. யோங் பெங் வட்டாரத்து ரப்பர் மரங்கள் பெரிதும் செம்பனைக்கு இடம் விட்டுவிட்டன. ஆயினும் பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகள் நம்மிடையே இன்னும் உள்ளனர். பத்திரம் இல்லாத பிள்ளை, சட்டத்தின் கண்ணுக்கு எட்டாமல் நிற்பதில் 1943-இன் பிள்ளைக்கு நெருங்கிய உறவினன்.

ஆசிரியப் பெருமக்கள் செய்யக்கூடிய பணிகள் இரண்டு. தொடர்ந்து பள்ளிக்கு வராத பிள்ளையின் பெயரை அடித்துவிடுவதற்கு முன், அப்பிள்ளையின் வீட்டுவாசல்வரை ஒருமுறை சென்று வருதல் ஒன்று. மாணவரைக் கொண்டு, அக்காலத்தில் பிள்ளைகளாயிருந்து இன்று எண்பதையும் தொண்ணூறையும் கடந்து நிற்கும் முதியோரின் நினைவுகளைப் பெயரும் தோட்டமும் ஆண்டும் குறித்து எழுதி வைத்தல் மற்றொன்று. இரண்டாவது பணிக்குக் காலம் மிகக் குறுகியது. அம்முதியோர் மறைந்தபின் எந்தப் பதிவேட்டைப் புரட்டினும் அப்பிள்ளைகளின் பெயர் கிடைக்காது.