திருநெல்வேலிப் பக்கம் படுத்துவிடும் முள்

குளிர்காலம் வந்துட்டா குத்தம்பாக்கம் பக்கம் கரண்ட் கம்பியில தகைவிலான் குருவிங்க வரிசையா உட்கார்ந்திருக்கும். பக்கத்துலயே செம்பரம்பாக்கம் ஏரி, பூச்சிக்குப் பஞ்சமில்ல. இமயமலையில இருந்தும் அதுக்கு அப்பால இருந்தும் வர்ற விருந்தாளிங்க. மேப்ஸ் இல்லாம எப்படி வழி தெரியுது? சூரியன், நட்சத்திரம், பூமியோட காந்தப்புலம் மூணும் உதவுது. இன்னைக்கு மூணாவது மட்டும்.

கதை நம்ம ஊர்லயே தொடங்குது. நுங்கம்பாக்கத்துல இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தோட தலைவர் டெய்லர், திருவனந்தபுரம் வானாய்வகத்தோட கால்டெகாட். இவங்க ரெண்டு பேரும் 1837-ல தென்னிந்தியா முழுக்கக் காந்தப்புலத்தோட திசையையும் வலிமையையும் அளந்தாங்க. இடம் வலமா திரும்புற முள் நமக்குத் தெரியும். இவங்க கையில மேலும் கீழுமா சாயுற முள்ளும் இருந்தது. காந்தத் துருவத்துல அந்த முள் செங்குத்தா நிக்கும். தெற்கே வர வரச் சாய்வு குறையும். ஒரு கோட்டுல அப்படியே தரையோட தரையா படுத்துரும். அதுதான் காந்த நடுக்கோடு. அது தென்தமிழ்நாடு வழியா போகுது.

அந்தக் கோடு பக்கத்துல இருக்குங்கிறதால, ஜான் ஆலன் பிரவுன் 1855-ல அகத்தியமலை உச்சியிலயே ஒரு ஆய்வுக்கூடம் போட்டார். கருவிகளை எல்லாம் அவரே தூக்கிட்டுப் போயிருக்க மாட்டார்ங்கிறது வேற விஷயம். இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தோட மையம் ஒண்ணு இன்னைக்கும் திருநெல்வேலிக்குப் பக்கத்துல கிருஷ்ணாபுரத்துல இருக்குறதும் இதே கோட்டுக்காகத்தான். இவ்வளவு அளந்தவங்க யாருக்கும், தலைக்கு மேல பறக்குற குருவியும் அதே சாய்வைப் படிக்குதுன்னு தோணல.

அது தெரிய 1972 ஆச்சு. ஜெர்மனியில ஃபிராங்க்ஃபர்ட்ல வொல்ஃப்காங் வில்ஷ்கோ, கூண்டைச் சுத்தி கம்பிச்சுருள் வச்சு, புலத்தோட மேல்-கீழ் சாய்வை மட்டும் தலைகீழாக்கினார். சாதாரண காம்பஸ் அசையாது, அதே வடக்கைத்தான் காட்டும். ஆனா ராபின் பறவைங்க நேர் எதிர்ப்பக்கம் திரும்பிச்சு. அதாவது அதுக்கு வடக்கு, தெற்குன்னு ஒண்ணு தெரியாது. சாய்வை வச்சு ‘துருவம் பக்கம்’, ‘நடுக்கோடு பக்கம்’ இந்த ரெண்டும்தான் தெரியும்.

கோடு போடுறவங்களுக்கு இங்க பக் தெரிஞ்சிருக்கும். ஃபிராங்க்ஃபர்ட்ல சாய்வு சுமார் 66 டிகிரி. சென்னையில அதைவிட ரொம்பக் குறைவு. திருநெல்வேலிப் பக்கம் பூஜ்யம். பூஜ்யத்துல எந்தப் பக்கம் துருவம்? இன்னும் தெற்கே போனா சாய்வே எதிர்ப்பக்கம் திரும்பிரும். ‘நடுக்கோட்டுப் பக்கம் போ’ங்கிற பழைய விதியோட கோடியக்கரையில இருந்து இலங்கைக்குப் போற பறவை, கோட்டைத் தாண்டினதும் யூ-டர்ன் போட்டுரணும். கோடியக்கரையில சாலிம் அலி காலத்துல இருந்தே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைக் கால்ல வளையம் மாட்டுது. எங்கிருந்து வந்துச்சுன்னு வளையம் சொல்லும், எப்படி வந்துச்சுன்னு சொல்லாது.

ஒரு விடை 1992-ல வந்தது. கார்டன் வார்ப்ளர்ங்கிற ஐரோப்பியப் பறவையை, சாய்வே இல்லாத புலத்துல கொஞ்ச நாள் வச்சிருந்து சோதிச்சாங்க. வெளிய வந்ததும் விதியைத் திருப்பிப் போட்டுருச்சு: இனி ‘துருவம் பக்கம் போ’. நடுக்கோடுதான் அதுக்கு சுவிட்ச். நம்ம பறவைங்ககிட்ட செஞ்ச சோதனை இல்ல இது, ஆனா சிக்கல் அதேதான்.

‘2.0’ படம் பார்த்துட்டு செல்ஃபோன் டவர்தானே வில்லன்னு கேட்பீங்க. முதல்ல, நம்ம சிட்டுக்குருவி வலசையே போறதில்ல. 2014-ல ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்துல ராபின்களைக் குழப்பினது, ஏஎம் ரேடியோ அலைவரிசையை ஒட்டின மின்காந்த இரைச்சல். அது செல்ஃபோன் அலைவரிசைக்கு ரொம்பக் கீழ. சாதாரண மின்கருவிங்ககிட்ட இருந்தும் அது கசியும். குடிலை அலுமினியத் தகடால மூடி எர்த் பண்ணினதும் திசை திரும்பக் கிடைச்சது. எர்த்தைக் கழட்டினா மறுபடி குழப்பம். ஊருக்கு வெளியே சோதிச்சப்போ தகடே தேவைப்படல.

குத்தம்பாக்கத்துக்குப் பேருந்து முனையம் வந்தாச்சு, சுத்தி வீட்டு மனைங்க ஏறிட்டே போகுது. ‘ஊருக்கு வெளியே’ங்கிற இடம் வருஷா வருஷம் இன்னும் கொஞ்சம் மேற்கே தள்ளிப் போகுது.