ஒருங்கிணைந்த உணர்தல்–தொடர்பு அமைப்புகளில் ஒட்டுக்கேட்புத் தடுப்பு

ஒரே ரேடியோ அலையால் தகவலையும் அனுப்பி, அது பட்டுத் திரும்பும் எதிரொலியால் சுற்றுப்புறத்தையும் அறியும் கம்பியில்லா அமைப்புகளை அயலார் காதிலிருந்து காக்கும் நுட்பங்களின் தொகுதி. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2023இல் வகுத்த 6ஜி கட்டமைப்பின் ஆறு பயன்பாட்டு வகைகளுள் இவ்வமைப்பும் ஒன்று.

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் நடந்த அத்திவரதர் வைபவம் போன்ற பெருங்கூட்டங்களில், செல்போன் கோபுரமே நெரிசலை அளந்து சொல்லும் என்பது இவ்வமைப்பின் கவர்ச்சி. அன்று அந்த வசதி இல்லை.

காஞ்சிப் பட்டின் கோர்வை நெசவில் உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா. இவ்வமைப்பிலோ இரண்டு வேலைக்கும் ஒரே அலை. சிக்கல் இதில்தான் தொடங்குகிறது. ஒரு பொருளைத் தெளிவாகப் பார்க்க அதன்மீது கூடுதல் ஆற்றலைப் பாய்ச்ச வேண்டும். அந்த அலையிலேயே மற்றவருக்கான தகவலும் ஏறியிருக்கிறது. கண்காணிக்கப்படும் பொருளே ஒட்டுக்கேட்பவரின் ட்ரோன் என்றால், கடிதத்தை வேவுகாரர் வாசலிலேயே போட்டதாகிவிடும். சாதாரணத் தொடர்பில் சந்தேகமான திசையை ஒதுக்கிவிடலாம். இங்கே அந்தத் திசையைத்தான் பார்த்தாக வேண்டும்.

ஒட்டுக்கேட்பவரை அலை சென்றடையும் தடம் உரியவருடையதைவிட மோசமாக இருந்தால், சாவியே இல்லாமல் ரகசியம் காக்கலாம் என்று பெல் ஆய்வகத்தின் ஆரோன் வைனர் 1975இல் காட்டினார். அந்தத் தடத்தை வேண்டுமென்றே கெடுக்கும் வழிதான் செயற்கை இரைச்சல். ஒருங்கிணைந்த அமைப்பில் அதற்கு இரட்டைப் பயன்: இலக்கை நோக்கி ஏவும் இரைச்சல் அதன் காதை அடைக்கும், அனுப்பியவருக்கு அதன் வடிவம் தெரியும் என்பதால் திரும்பி வரும் எதிரொலி ரேடாருக்கும் உதவும். இதற்கு அலையைக் குறிபார்த்து ஏவும் பல ஆன்டெனாக் கருவிகள் வேண்டும். அத்தகைய 5ஜி கருவிகளைக் காஞ்சிபுரம் மாவட்டத்து ஒரகடத்தில் நோக்கியா தயாரிக்கிறது. ஆனால் இம்முறைக்கு வரம்புகளும் உண்டு: இரைச்சலுக்குச் செலவிடும் ஆற்றல் தகவலுக்குக் கிடைக்காது. எதிரொலியில் அகப்படாமல் தள்ளி நின்று கேட்பவரைக் குறிபார்க்கவும் முடியாது.

அதிகம் பேசப்படாத கசிவு வேறொன்று. காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிவீட்டில் வை-ஃபை இருக்கிறது என்று கொள்வோம். செய்தியை எவ்வளவு மறையாக்கம் செய்தாலும், குழித்தறியில் ஆள் நெய்கிறாரா, வீடு வெறிச்சோடிக் கிடக்கிறதா என்பதைச் சுவருக்கு வெளியே ஒரு ரிசீவர் அலையின் மாற்றத்தை வைத்தே ஊகிக்கலாம். மறையாக்கம் உள்ளடக்கத்தைத்தான் மூடும், எதிரொலியை அல்ல. அனுப்பும் அலையிலேயே அடிக்கடி மாறும் திரிபைக் கலப்பது இதற்கான ஒரு தடுப்பு. வீட்டுக்காரரின் கருவிக்குப் பார்வை மங்காதிருக்க, அந்தத் திரிபின் கணக்கு அதற்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.