ஸ்பீக்கர் நுரை விளிம்பு: தேய்வும் சீரமைப்பும்

இன்றைய ஸ்பீக்கரின் மூல வடிவத்தை 1925இல் அமெரிக்கப் பொறியாளர்கள் ரைஸும் கெல்லாக்கும் வெளியிட்டனர். தமிழகத்தில், 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்தது. வானொலியும் அதனுடன் ஸ்பீக்கரும் பரவின. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தயாரிக்க முடியும் என்று 1941இல் கோவைத் தொழிலதிபர் ஜி.டி. நாயுடு அறிவித்தார்.

அக்கால ஸ்பீக்கர்கள் பலவற்றில், கூம்பைச் சட்டத்துடன் இணைக்கும் விளிம்பும் காகிதமே. அது நெடுநாள் உழைத்தது. 1954இல் எட்கர் வில்ச்சர் உருவாக்கிய மூடிய பெட்டி ஸ்பீக்கரில், ஆழ்ந்த ஒலிக்காகக் கூம்பு அதிகத் தூரம் அசைய வேண்டியிருந்தது. அதற்கேற்ற நெகிழ்வான விளிம்பாக 1970களில் பாலியூரித்தேன் நுரை பரவலானது. ஈரமும் புற ஊதாக் கதிரும் அதன் பிணைப்புகளைச் சிதைப்பதால், ஏறத்தாழ 15 முதல் 20 ஆண்டுகளில் நுரை பிசுபிசுத்து உதிர்கிறது. கூம்பும் அதை அசைக்கும் சுருளும் காந்தமும் பெரும்பாலும் பழுதின்றியே இருக்கும். எனவே பழைய ஸ்பீக்கரை எறிவது வீண்.

சீரமைப்பில் முதலில் பழைய நுரையையும் பசையையும் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு காந்த இடைவெளியில் மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகளைச் செருகிச் சுருளை நடுவில் நிறுத்தி, அளவான புது விளிம்பை முதலில் கூம்பிலும் அடுத்துச் சட்டத்திலும் ஒட்ட வேண்டும். பசை காய்ந்தபின் பட்டைகளை எடுத்துக் கூம்பை மெதுவாக அழுத்தினால் உரசல் கேட்கக் கூடாது. ஈரப்பதம் மிகுந்த இடங்களில் ரப்பர் விளிம்பு நீடிக்கும்; ஆனால் அதன் எடை கூடுதல் என்பதால் ஒலியின் தன்மை சற்று மாறும்.