சேப்பாக்கத்து மரநிழல்

மரக்காணத்து உப்பளக் கரையின் இறுகிய தரையில் மாலை வேளைகளில் சிறுவர்கள் பந்தாடுவதை நாம் கண்டிருக்கிறோம். மூத்த பையன்கள் இருவர் மாறி மாறிப் பெயர் சொல்லி அழைத்து அணி சேர்ப்பார்கள். நன்றாக ஆடுபவன் முதலில் அழைக்கப்படுவான். அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று எவரும் வினவுவதில்லை. அதைக் காணுந்தோறும், பெரியவர்கள் அணி பிரித்த வரலாறு நம் நினைவில் எழுகிறது.

சென்னையில் 1846-இல் ஐரோப்பியர் அமைத்து, பின்னர் சேப்பாக்கத்தில் இயங்கிய கிரிக்கெட் சங்கத்தில் இந்தியர்க்கு இடமில்லை. அங்கே ஆடச் சென்ற இந்தியர் உணவு வேளையில் மரநிழலில் அமர, ஐரோப்பியர் மாளிகைக்குள் விருந்துண்டனர் என்பர். அதைப் பொறாத புச்சிபாபு நாயுடு, 1888-இல் மதராஸ் யுனைடெட் சங்கத்தை நிறுவி இந்திய இளைஞரைப் பயிற்றுவித்தார். இந்தியருக்கும் ஐரோப்பியருக்கும் நேருக்கு நேர் ஆட்டம் ஒன்றை ஏற்பாடு செய்தவர், அதைக் காணாமலே 1908-இல் காலமானார். 1915-16 பருவம் முதல் அவ்வாட்டம் பொங்கல் காலத்து மாநிலப் போட்டியாக நிலைபெற்றது.

பம்பாயில் நடந்ததோ வேறு. அங்கே பார்சிகளும் ஐரோப்பியரும் ஆடிய களத்தில் 1907-இல் இந்துக்களும், 1912-இல் முஸ்லிம்களும் தனித்தனி அணியாக நுழைந்தனர். 1937-இல் ஏனையோர் என்னும் ஐந்தாவது அணியும் சேர, அது ஐங்கோணப் போட்டியாயிற்று. 1944-இல் முஸ்லிம் அணி இந்து அணியை ஒரே விக்கெட்டில் வென்றபோது நம்மவர் அடைந்த மகிழ்ச்சியை நாம் குறை சொல்லோம். எனினும் மதத்தால் வகுத்த அணிக்குள்ளும் கோடுகள் இருந்தன. இந்து அணியின் ஈடற்ற பந்துவீச்சாளர் பல்வாங்கர் பாலுவுக்குச் சாதியின் பெயரால் தலைமைப் பதவி கிட்டவேயில்லை. அவருடைய தம்பி விட்டலுக்கு 1923-இல்தான் அது கிட்டியது. வகுப்புவாரி ஆட்டங்களைக் கைவிடுமாறு காந்தியடிகள் 1940 டிசம்பரில் வேண்டினார். போட்டி முடிவுக்கு வந்ததோ 1946-இல்தான்.

இந்நோய் நம் நாட்டுக்கே உரியதன்று. கனத்த பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளை வீழ்த்தும் பௌலிங் என்னும் ஆட்டம் அமெரிக்கத் தொழிலாளருக்கு மிக உகந்தது. அதற்கென 1895-இல் நியூயார்க்கில் அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் தோன்றியது. 1901-இல் சிகாகோவில் அது நடத்திய முதல் தேசியப் போட்டியில் 41 அணிகள் கலந்துகொண்டன. சேப்பாக்கத்தில் இந்தியரும் ஐரோப்பியரும் ஆண்டுதோறும் மோதத் தொடங்கிய அதே காலத்தில், 1916-இல், வெள்ளை ஆண்களே உறுப்பினராகலாம் என்று அந்தக் காங்கிரஸ் விதி எழுதியது! பெண்கள் அவ்வாண்டே செயின்ட் லூயிஸ் நகரில் தமக்கெனச் சங்கம் கண்டனர். கறுப்பின மக்கள் 1939-இல் டெட்ராய்ட்டில் தனிச் சங்கம் அமைத்தனர். ஒரே ஆலையில் தோளோடு தோள் நின்று வேலை செய்தவர்கள், மாலையில் ஒரே தளத்தில் பந்து உருட்ட இயலவில்லை. மோட்டார்த் தொழிலாளர் சங்கம் முன்னின்று போராடியது, வழக்குகளும் எழுந்தன. விதி நீங்கியது 1950-இல்.

சேப்பாக்கத்துக் கோட்டையும் நாம் புகழவில்லை. ஆள்வோர் ஒருபுறம், ஆளப்படுவோர் மறுபுறம் என்பதே அது. ஆயினும் அக்கோட்டுக்கு இப்பால் நின்றவர்களுக்கு இந்தியர் என்னும் ஒரே பெயர்தான். இந்து, முஸ்லிம், சீக்கியர் என்று சென்னை அவர்களைப் பிரிக்கவில்லை. ஊர்வாரியாக அணி அமைத்த ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம், 1934 நவம்பர் 4-இல், அதே சேப்பாக்கத்தில்தான் நடந்தது. மைசூரைச் சென்னை ஒரே நாளில் வென்றது. பதினொரு விக்கெட்டுகளைச் சாய்த்தவர் ராம்சிங் என்னும் சென்னைச் சீக்கியர்.

இந்தியர்-ஐரோப்பியர் ஆட்டமோ, நாடு விடுதலை பெற்றுச் சில ஆண்டுகள் கழிந்த பின், 1952-இல்தான் நின்றது.